மெலனேசியாவைப் பிறப்பிடமாகவும்

போன கிழமை துஷியிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் வாரப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பகுதியில் பதினெட்டு வருடம் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். என் அப்பாவின் இருபதாம் ஆண்டு நினைவஞ்சலியை நான் அனுப்பியிருந்தேன். அதைப் பக்கத்தில் ஏற்றும்போது பழைய கோப்பையும் திறந்து பார்த்திருக்கிறாள். "அங்கிள், அப்ப போட்ட அறிவித்தலிலை பிறப்பிடம் யாழ்ப்பாணம் எண்டு இருக்கு. இப்ப நெடுந்தீவு எண்டு அனுப்பியிருக்கிறீங்கள். எது கரெக்ட்?" என்று கேட்டிருந்தாள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. என் அப்பா எங்கே பிறந்தார் என்று என்னிடமே கேட்க இவள் ஆர்? ஐந்து நிமிடம் கழித்துத்தான் புத்தி வந்தது. பழைய கோப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கத்தை அந்த மேசையில் விட்டுவந்தவன் நானேதான். பிள்ளை தன் வேலையைச் செய்திருக்கிறாள்.

ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் "அங்கிள், உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, பிடியுங்கள். துஷியின் கேள்விக்குப் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். ஊர்தான் முதலில் வரும், ஆள் பிறகுதான். ஒரு மனிதர் முப்பது வருடம் கனடாவில், ஸ்காபரோவில் பனி வழித்திருப்பார். செத்த அடுத்த நாள் முதல் வரியிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவார். கடைசி வரி 'தகவல்'. அறிவித்தலைத் தந்தவர் யார், எந்த நம்பருக்கு அடித்துத் துக்கம் கேட்கலாம் என்பது அங்கே இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் உறவுமுறை. சண்டை நடுவில்தான் வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். என் அனுபவத்தில் பெரிய சண்டைகள் முதல் வரியிலும் கடைசி வரியிலும்தான் வந்தன.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு கூத்து நடந்தது. இறந்துபோன ஒரு அம்மாவின் மைத்துனர்களை வரிசையாக எழுதும்போது, உயிரோடு இருக்கிற ஒருவருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டேன். பத்திரிகை வந்த அன்று காலையிலேயே அந்த மனிதர் போன் எடுத்தார். "தம்பி, நான் செத்திட்டனாம். இப்ப நான் செத்தவீட்டுக்குப் போறதோ, இல்லாட்டி எனக்கும் ஒரு பெட்டி ஓடர் பண்ணுறதோ? ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்."

அப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "ஐசே, எழுதி முடிச்சவுடனை தகவல் தந்த ஆளுக்குப் போன் எடுத்து வாயாலை வாசிச்சுக் காட்டும். முழுக்க. கண் சொல்லுக்கு மேலாலை பாய்ஞ்சு போயிடும், காது பாயாது" என்றார். "வாசிக்கேக்கை அவையின்ரை மூச்சையும் கேளும். பிழை இருந்தால் மூச்சு மாறும்." அன்றைக்குப் பிறகு வாசித்துக் காட்டாமல் ஒரு அறிவித்தலையும் நான் விட்டதில்லை.

ஒரே ஒரு நாள் அந்த விதியை மீறினேன். மீறினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாசித்துக் காட்டுவதுபோலப் பாவனை செய்து ஒரு பிள்ளையை ஏமாற்றினேன்.

அது நான் ஓய்வெடுப்பதற்கு முந்தின வருடம், ஒரு நவம்பர் புதன்கிழமை. எங்கள் கந்தோர் அப்போதும் வோபர்னில், மார்க்கம் றோட் பிளாசாவின் மேல்மாடியில்தான் இருந்தது. கீழே கொத்துறொட்டி அடிக்கிற சத்தம் பதினொரு மணிக்கே தொடங்கிவிடும். புதன் பின்னேரம் நாலு மணிக்குப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காலை பத்தரை இருக்கும், ஒஷாவாவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பெயர் லீனா. "அங்கிள், அம்மா நேற்றுக் காலமை பாஸ்ட் அவே. அப்பாவுக்கு நீங்கள்தான் நோட்டிஸ் போட்டனீங்கள். அதே மாதிரி அம்மாவுக்கும் வேணும்" என்றாள். தகப்பன் பெயரைச் சொன்னதும் எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. தேவராசா மாஸ்ரர். அளவெட்டிக்காரர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் படித்த ஆட்கள் சாம்பியா, நைஜீரியா என்று படிப்பிக்கப் போனபோது, இவர் பப்புவா நியூகினிக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனார். அங்கே ஒரு தாதியைக் கலியாணம் செய்துகொண்டு, சில வருடம் அளவெட்டியில் இருந்துவிட்டு, பிறகு கனடாவுக்கு வந்தார். ரொறன்ரோவில் அவருக்குப் பெயரே நியூகினி மாஸ்ரர்தான்.

அந்தத் தாதிதான் றோஸ்மேரி, லீனாவின் அம்மா. நான் அவரை இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறேன். கறுத்த, அகன்ற முகம். சுருள் முடியில் எப்போதும் ஒரு பூ. யாழ்ப்பாணத் தமிழை எங்களைவிடச் சுத்தமாகக் கதைப்பார். வாசிக்க மட்டும் தெரியாது. லீனாவும் அப்படித்தான்.

"அப்பான்ரை நோட்டிஸை அம்மா வெட்டி பைபிளுக்குள்ளை வைச்சிருந்தவ" என்றாள் லீனா. "முதல் லைன்லை ஊர் வரும் எண்டு மாமி சொல்லிக் குடுத்திருக்கிறா. அம்மா அதைக் கேட்டாப் பிறகு எனக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டா: எனக்கும் இப்பிடி ஒண்டு போடு, அதிலை என்ரை ஊரும் முதல் லைன்லை வரவேணும் எண்டு. வேறை ஒண்டும் கேக்கேல்லை அங்கிள். அது ஒண்டுதான் கேட்டவ."

"அம்மாவின்ரை ஊர் என்ன பிள்ளை?"

"தபார். சின்ன ஐலண்ட். நியூ அயர்லாந்துக்குப் பக்கத்திலை. ஆனா மெலனேசியா எண்டு கட்டாயம் போடுங்கோ. தபாரை ஆருக்குத் தெரியும்? அம்மா தன்னை எப்பவும் மெலனேசியன் எண்டுதான் சொல்லுவா."

நான் குறித்துக்கொண்டேன். மெலனேசியாவின் தபார் தீவைப் பிறப்பிடமாகவும், அளவெட்டி, கனடா ரொறன்ரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட. காதுக்கு நன்றாகவே இருந்தது.

மதியம் திரும்பவும் போன் அடித்தது. மாஸ்ரரின் தமக்கை பூமணி அக்கா, லீனா சொன்ன மாமி. சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தக் காலத்திலிருந்து ஒரே அப்பார்ட்மென்ரில் இருக்கிறவர். மாஸ்ரரும் றோஸ்மேரியும் கனடாவுக்கு வந்து இறங்கியதும் அங்கேதான். இரண்டு பெண்களும் மூன்று வருடம் ஒரு குசினிக்குள் நின்று சமைத்தவர்கள். றோஸ்மேரி வைக்கிற சொதி தன்னுடையதைவிட நல்லது என்று பூமணி அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். இதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிப் பிழையாக நினைப்பீர்கள்.

"தம்பி, லீனா கதைச்சவளாம். உந்த மெலனேசியா எண்ட சொல்லை எடுத்துவிடுங்கோ."

"ஏனக்கா?"

"பேரன் போனிலை தேடிப் பாத்தவன். கறுப்பு ஆக்களின்ரை தீவு எண்டு அர்த்தமாம். ஆரோ வெள்ளைக்காரன் வைச்சதாம். மெய்யோ?"

நானும் கணினியில் தேடினேன். மெய்தான். ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பசுபிக் சமுத்திரத்தைச் சுற்றி வந்து, அங்கே உள்ள தீவுகளைப் பங்கு பிரித்திருக்கிறார். பொலினேசியா என்ற பெயர் முன்பே இருந்தது. கிரேக்க மொழியில் பல தீவுகள் என்று பொருள். மைக்குரோனேசியா, சின்னத் தீவுகள். மூன்றாவது மெலனேசியா, கறுத்த தீவுகள். தீவு எங்கேயாவது கறுக்குமா? அங்கே இருந்த மனிதரின் தோலைப் பார்த்து வைத்த பெயர். அந்த மனிதர்களைப் பற்றி அவர் எழுதிவைத்ததைக் கொஞ்சம் வாசித்தேன். வாயால் சொல்லக் கூசும். கறுப்பு நிறம் கூடக்கூட அறிவும் அழகும் குறையும் என்பது அவருடைய கணக்கு.

"மெய்தான் அக்கா. ஆனா எங்கடை ஆக்கள் ஆருக்குக் கிரேக்கம் தெரியும்?"

"எல்லாற்றை கையிலும் போன் கிடக்கு" என்றார் அக்கா. பிறகு குரல் தாழ்ந்தது. "தம்பி, உங்களுக்குத் தெரியாது. ஒரு கலியாணவீட்டிலை எனக்குப் பக்கத்திலை இருந்து 'மாஸ்ரற்றை கறுவல் வந்திருக்கு' எண்டு சொல்லிச் சிரிச்சவை. அவளுக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைச்சுச் சொன்னவை. அவளுக்கு வடிவா விளங்கினது. தலையைக் குனியாமல் சாப்பிட்டு முடிச்சவள். எனக்குத்தான் தொண்டைக்குள்ளை இறங்கேல்லை. செத்தாப் பிறகும் முதல் வரியிலை கறுப்பு எண்டு எழுதி அவளை அனுப்பச் சொல்லுறியளோ?"

"அப்ப வேறை என்னத்தைப் போடுறது, அக்கா?" என்று கேட்டேன்.

"அளவெட்டி எண்டு போடுங்கோ. கட்டினவன்ரை ஊர் அவளுக்கும் ஊர்தானே" என்றார். அது பொய் என்றேன். "அப்ப பப்புவா நியூகினி எண்டு மட்டும் போடுங்கோ, அது தேசத்தின்ரை பேர்தானே." சரி என்று அதையும் தேடிப் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். பப்புவா என்றால் சுருட்டை மயிர் என்று சிலர் சொல்கிறார்கள். நியூகினி என்பது, ஒரு ஸ்பானிய மாலுமி இந்த மக்கள் ஆபிரிக்காவின் கினிக் கரையில் இருப்பவர்களைப் போல இருக்கிறார்கள் என்று வைத்த பெயர். ஒன்று மயிரைப் பார்த்து, மற்றது முகத்தைப் பார்த்து. எங்கே தொட்டாலும் கப்பலில் வந்தவன் கரையில் நின்றவனைப் பார்த்த பார்வைதான். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

மணி ஒன்றரை. என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. இந்தத் தொழிலில் மூளை அதிகமாக வேலை செய்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். 'பசுபிக் சமுத்திரத்தின் தபார் தீவைப் பிறப்பிடமாகவும்' என்று மாற்றி எழுதினேன். பூமணி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பசுபிக் எண்டால் சமாதானம் எண்டு பேரன் சொல்லுறான். அது நல்ல சொல்" என்றார். அவரின் மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தபார் பசுபிக்கில்தான் இருக்கிறது.

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. நான் நெடுந்தீவான். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் கிடக்கிற தீவுகளில் கடைசி. ஒல்லாந்தன் வந்து தன் ஊர்ப் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனான், ஆங்கிலத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அதைவிட எங்களைச் சுட்ட பெயர் ஒன்று இருந்தது. அதை வைத்தது ஒல்லாந்தன் இல்லை, பெருநிலத்தில் இருந்த எங்கள் தமிழ் ஆட்களே. 'தீவார்'. அந்தச் சொல்லை அவர்கள் எப்படி இழுத்துச் சொல்வார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். என் அப்பா இறந்தபோது தங்கச்சிக்குக் கோப்பாயில் ஒரு குடும்பத்தோடு கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். "தீவார் எண்டால் யோசிப்பினம்" என்று ஒருவர் என் காதில் போட்டார். நான் அப்போதுதான் இந்தக் கதிரைக்கு வந்த புதிது. அப்பாவின் அறிவித்தலை நானே எழுதினேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும். நெடுந்தீவு யாழ்ப்பாண மாவட்டம்தானே, அதிலும் பொய் இல்லை.

இப்போது விதிப்படி லீனாவுக்குப் போன் எடுத்தேன். தகவல் தந்தவள் அவள். வாசித்தேன். முதல் வரி வந்ததும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன்.

"மெலனேசியா வருதா அங்கிள்?"

"ஓம் ஓம், எல்லாம் வருது."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. மற்றவர்களின் மூச்சைக் கேட்கப் பழகியவனுக்குத் தன் மூச்சு கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, தலையிடி தீர்ந்தது என்று கீழே போய்த் தேத்தண்ணி குடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தத் தேத்தண்ணி எனக்கு ருசித்தது.

மூன்று மணிக்குக் கந்தோர்க் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். சப்பாத்தெல்லாம் பனிக்கு றோட்டில் போடுகிற உப்பும் சேறும். தாயின் அதே அகன்ற முகம், மாஸ்ரரின் கண். கேட்காமலே லீனா என்று தெரிந்தது. ஒஷாவாவிலிருந்து அந்த உருகின பனிச்சேற்றுக்குள் கார் ஓட்டி வந்திருக்கிறாள்.

"சொறி அங்கிள், அப்போயின்ற்மென்ற் இல்லாமல் வந்திட்டன். நாளைக்கு வியூவிங், அம்மாவைப் பார்வைக்கு வைக்கினம். பேப்பர் வெள்ளிக்கிழமைதானே வரும். எனக்கு நோட்டிஸ் ஒரு பிரின்ட் அவுட் இண்டைக்கே வேணும். அம்மாவோடை பெட்டிக்குள்ளை வைக்க."

அச்சடித்துக் கொடுத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு பைபிளை எடுத்தாள். அதற்குள்ளிருந்து மஞ்சளடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. மாஸ்ரரின் அறிவித்தல், நான் எழுதியது. அதில் 'அளவெட்டி' என்ற சொல்லுக்குக் கீழே நீலப் பேனையால் ஒரு கோடு இழுத்திருந்தது.

"அம்மா மாமியிட்டை எந்தச் சொல் எண்டு கேட்டு இழுத்தது. வாசிக்கத் தெரியாதுதானே. அப்பான்ரை ஊர் எது எண்டு தெரிஞ்சு வைச்சிருக்க விருப்பம். இப்ப அம்மான்ரைக்கும் கோடு போட்டு ரெண்டையும் சேத்து வைக்கப்போறன்." மேசையில் தாளை விரித்தாள். பேனையைத் திறந்தாள். "அங்கிள், எது மெலனேசியா? காட்டுங்கோ."

பிள்ளைகளே, என் விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய் 'பசுபிக்' என்ற சொல்லின் மேல் நின்றது.

அவள் என் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்துச் சொல்லுக்குக் கீழே வைத்து, ஒரு எழுத்தும் தவறாமல், ஆறுதலாகக் கோடு இழுத்தாள். பேனையை மூடினாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "தாங்ஸ் அங்கிள். அம்மாவுக்கு இது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

செத்துப்போன ஒருத்தி இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது ஒரு சொல். அதைக் கொடுக்காதது மட்டுமில்லை, வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டு அதுதான் இது என்று நம்பவைத்து மண்ணுக்குள் அனுப்பப் பார்க்கிறேன். லீனா பைபிளை மூடப்போனாள்.

"பிள்ளை, பொறும்" என்றேன். "அது மெலனேசியா இல்லை."

சொல்லிவிட்டேன். பூமணி அக்கா போன் எடுத்தது, அர்த்தம் தேடியது, மாற்றியது, எல்லாம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்கள் எனக்கு வாசிச்சுக் காட்டினனீங்கள், அங்கிள்."

பதினேழு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஏச்சுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. என்னால் அவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உந்தப் பேரின்ரை அர்த்தம் உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். தப்புவதற்குக் கேட்ட கேள்விதான்.

"தெரியாமல் என்ன? எனக்கு ஏழு வயசிலை ஸ்கூலிலை உலக மாப் ஒண்டு கீறச் சொன்னவை. அப்ப அம்மா சொன்னவ. மற்ற ரெண்டு இடத்திலையும் வந்தவங்கள் தீவை எண்ணினவங்கள், அளந்தவங்கள். எங்கடை இடத்திலை மட்டும் எங்களைப் பாத்தவங்கள் எண்டு." அவள் கண்ணைத் துடைத்தாள். "நான் அழுதனான். அம்மா சிரிச்சா. எங்கடை தேசத்திலை நூற்றுக்கணக்கிலை பாஷை, ஒரு தீவான் கதைக்கிறது அடுத்த தீவானுக்கு விளங்காது. எல்லாரையும் சேத்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது, கிடந்தது அதுதான், எடுத்தம் எண்டா. வைச்சவன் எப்பவோ செத்திட்டான், நாங்கள் இருக்கிறம். இனி அது எங்கடை பேர். அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

மணி மூன்று இருபத்தைந்து. அறிவித்தலைத் திருத்தி அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் போதும். சட்டப்படி தகவல் தந்தவள் லீனா, அவள் சொன்னால் முடிந்தது. ஆனால் பூமணி அக்காவுக்கு ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வேறு சொல்லைப் போடுவது, மத்தியானம் செய்த அதே வேலையைத் திருப்பிச் செய்வதுதான். ஒரு நாளுக்கு ஒரு களவு காணும். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைக்கு நடுவில் வைத்தேன்.

"அக்கா, லீனா இங்கை நிக்கிறா. நான் அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ."

"மாமி" என்றாள் லீனா. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடியடி சொல்லுறது? அவளைச் சொன்னதெல்லாம் நீயும் கேக்கவேணுமே? உயிரோடை இருக்கேக்கை சொன்னது காணாதே?"

"அம்மா எல்லாத்தையும் எனக்குச் சொன்னவ. கலியாணவீடும் சொன்னவ."

கீழே கொத்துறொட்டித் தகடு மட்டும் கேட்டது.

"சொன்னவளோ?"

"ஓம். மாமி அண்டைக்குச் சாப்பிடேல்லை எண்டும் சொன்னவ. அதுதான் கூடக் கவலை எண்டா."

பூமணி அக்கா அழுதார். லீனாவும் அழுதாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதையும் ஒளிக்கவில்லை. மூன்றரை தாண்டிவிட்டது.

"மாமி, அம்மாவுக்கு அது வசை இல்லை. நாங்கள் அதை ஒளிச்சால்தான் வசை. அவை சொன்னது சரி எண்ட மாதிரி வந்திடும்."

அக்கா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. குரல் மாறியிருந்தது. சந்தையில் மீன்காரனோடு நிற்கிற குரல்.

"தம்பி!"

"சொல்லுங்கோ அக்கா."

"மெலனேசியா எண்டு போடுங்கோ. முதல் சொல்லாப் போடுங்கோ. கீழை தகவல் எண்ட இடத்திலை ஆற்றை பேர் கிடக்கு?"

"லீனா, மகள்."

"அதுக்குப் பக்கத்திலை என்ரை பேரையும் போடுங்கோ. பூமணி, மச்சாள். என்ரை போன் நம்பரையும் போடுங்கோ. சிரிக்கிறவை எனக்கு அடிக்கட்டும்."

தட்டச்சுச் செய்தேன். இந்த முறை லீனாவைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். மெலனேசியாவின் தபார் தீவைப் பிறப்பிடமாகவும். போனிலிருந்து பூமணி அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரின் மூச்சும் மாறவில்லை. மூன்று ஐம்பதுக்குப் பக்கம் அச்சுக்குப் போனது. லீனா புதிய தாளில் திரும்பவும் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தாள். போகும்போது என்னிடம் மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய தாளை மட்டும் என் மேசையில் விட்டுப் போனாள். பசுபிக்குக்குக் கீழே நீலக்கோடு போட்ட அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பூமணி அக்காவின் போன் அடித்ததாம். எல்லாம் துக்கம் கேட்கத்தான். ஒருவர் மட்டும் "உது எவடம் அக்கா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அரை மணித்தியாலம் அவரை விடாமல் பிடித்துவைத்து, பசுபிக் சமுத்திரத்தைத் தீவு தீவாகப் படிப்பித்திருக்கிறார். பேரன் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தானாம்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன? அறிவித்தலில் உண்மையாக இருந்தால் காணும் என்று நினைக்காதீர்கள். பசுபிக்கும் உண்மை, யாழ்ப்பாணமும் உண்மை. ஒரு சொல்லைப் போடவா விடவா என்று தடுமாறும்போது, அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள் என்று முதலில் யோசிக்காதீர்கள். அந்தச் சொல்லைச் செத்தவர் தன் வாயால் எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. றோஸ்மேரி விஷயத்திலும் கேட்கவில்லை, அதற்கு முந்தியும் கேட்கவில்லை.

என் அப்பா கனடா வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியக் கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்க நிற்பார். புதிதாக யாரும் வந்து எங்கள் வழக்கப்படி "நீங்கள் எவடம்?" என்று வாயெடுக்க முதலே, மண்டபம் முழுக்கக் கேட்க "நெடுந்தீவு! நான் தீவான்!" என்பார். எனக்கு நிலம் பிளக்காதோ என்றிருக்கும். ஒருநாள் காரில் வரும்போது ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். "நான் முந்திச் சொல்லிப்போட்டால் அவங்களுக்குச் சொல்ல ஒண்டும் மிஞ்சாதடா" என்றார். அந்த மனிதரைத்தான் நான் யாழ்ப்பாணத்தில் பிறக்கவைத்து அனுப்பினேன்.

றோஸ்மேரியின் அறிவித்தலுக்குப் பிறகும் எனக்குத் துணிவு வர இத்தனை காலம் எடுத்தது. தங்கச்சியின் குடும்பம் என்ன நினைக்குமோ என்ற பயம். இந்த வருடம் நினைவஞ்சலி எழுதமுன் அவளுக்குப் போன் எடுத்து, நெடுந்தீவு என்று போடட்டோ என்று கேட்டேன். "இவருக்குக் கலியாணத்துக்கு முன்னமே தெரியும் அண்ணை. நான்தான் சொன்னனான்" என்றாள். "உன்னை ஆர் மறைக்கச் சொன்னது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

ஆகவே, துஷி, கேட்டதற்கு நன்றி. புதிதாக அனுப்பியதுதான் சரி. பழையதை நீர் திருத்தவேண்டாம், அது என் பிழையாகவே கோப்பில் கிடக்கட்டும். ஒன்று மட்டும் சேர்த்துவிடும். நினைவஞ்சலிக்குத் தகவல் வரி தேவையில்லை என்று எனக்கும் தெரியும். இதற்குப் போடும். தகவல்: மகன். அதற்குப் பக்கத்தில் என் போன் நம்பர்.